எக்ஸ்பெடிஷன் 33, பலாட்ரோ, அடலசன்ஸ், அப்புறம் சில: சமீபத்தில் ஆடியதும் பார்த்ததும்

எக்ஸ்பெடிஷன் 33 என்ற கேம் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் சீக்கிரத்தில் நிறுத்துவதில்லை, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முழுப் பெயர் கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33. 2025 ஏப்ரல் 24 அன்று வெளிவந்தது. பிரான்சில் மான்ட்பெல்லியே நகரத்தில் இருக்கும் சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் என்ற ஸ்டுடியோவுக்கு இதுதான் முதல் கேம். பெரிய கேம் நிறுவனமான யூபிசாஃப்டில் வேலை பார்த்த கியோம் ப்ரோஷ் அந்த வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த ஸ்டுடியோ இது. மையக் குழுவில் முப்பது பேர் அளவுக்குத்தான் ஆட்கள், சில வேலைகளுக்கு மட்டும் வெளியாட்கள் உதவி. அதே வருடம் டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் உட்பட ஒன்பது விருது வாங்கினார்கள். இவ்வளவு விருது வாங்கியதாலேயே 'சும்மா ஏற்றிவிடுகிறார்கள்' என்று ஒதுக்கி வைத்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் ஆடிப் பாருங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன்.

லூமியேர் என்று ஒரு தீவு நகரம். பாரிஸின் ஒரு துண்டைப் பிய்த்துக் கடலில் வைத்திருக்கிறார்கள், நடுவில் வளைந்து முறுக்கிக்கொண்டு நிற்கிறது ஈஃபில் கோபுரம். கடலுக்கு அப்பால் ஒரு பிரம்மாண்டமான கல்தூண், அதன் அடியில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ராட்சத ஓவியக்காரி. வருடத்துக்கு ஒரு முறை எழுந்து, தூணில் எழுதியிருக்கும் எண்ணை அழித்து, ஒன்று குறைத்து எழுதுவாள். புதிதாக எழுதிய அந்த வயதை எட்டியவர்கள் எல்லாரும் அந்த நிமிடமே பூவிதழாக உதிர்ந்து காற்றோடு போய்விடுவார்கள். நாம் உள்ளே நுழையும் நாளில் 34 அழிந்து 33 ஆகப்போகிறது. குஸ்தாவ் என்ற இளைஞன் தன் பழைய காதலி சோஃபியைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு நடக்கிறான். ஊர் முழுக்கத் திருவிழாக் கோலம், போகப்போகிறவர்கள் கழுத்தில் பூ. வழியில் நிற்கிறவர்களிடம் நின்று பேசலாம், பேசாமலும் போகலாம். நான் எல்லாரிடமும் பேசினேன். இத்தனை சின்ன வயதில் அப்பா அம்மா மறைந்துவிடும் ஊரில் பிள்ளை பெற்றுக்கொள்வது சரியா என்று இரண்டு பேர் வாக்குவாதம் பண்ணுவது காதில் விழுகிறது, அப்புறம் துறைமுகம் வருகிறது, எண் மாறுகிறது. இன்னும் சண்டை எப்படிப் போடுவது என்றுகூடச் சரியாகச் சொல்லித்தரவில்லை, அதற்குள் கண்ணில் தண்ணீர் வரவைத்துவிட்டார்கள்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வருடம் ஒன்று, எண் ஒன்று என்ற ஒரே ஒரு விதிதான் மொத்தக் கதையும். அதை வைத்துக்கொண்டு ஊரின் பள்ளிக்கூடம், காதல், குடும்பம், வேலை எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள். ஆயுளில் ஒரு வருடம் பாக்கி இருப்பவர்கள் சேர்ந்து ஓவியக்காரியைக் கொல்லப் படை கிளம்புவதும் அதிலிருந்தே வருகிறது. போகிற வழியெல்லாம் முன்னால் போய் செத்தவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள், பாறையில் ஏறுவதற்கு அவர்கள் அடித்து வைத்த பிடிகள். 'நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக' என்பதுதான் அந்தப் படைகளின் கோஷம், அந்தப் பிடிகளில் கை வைத்து ஏறும்போது அது வெறும் வசனமாகத் தெரியவில்லை. சமீபத்தில் பார்த்தவற்றிலும் ஆடியவற்றிலும் எனக்கு மனசில் தங்கியவை எல்லாமே இப்படி ஏதோ ஒரு கட்டுப்பாட்டைத் தாங்களே போட்டுக்கொண்டு கடைசி வரை அதை மீறாதவைதான். மற்றதெல்லாம் பார்த்த வாரமே மறந்துபோயிற்று.

சரி, சண்டை. முறைவைத்து அடிக்கும் பழைய ஜப்பானிய ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கேம்) பாணிதான், நம் முறையில் யோசித்து அடிக்கலாம், அவசரமில்லை. ஆனால் எதிரியின் முறை வரும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அவன் அடிக்கும் நேரம் பார்த்து விலக வேண்டும், அல்லது இன்னும் துல்லியமாகப் பட்டனை அழுத்தித் தடுக்க வேண்டும். விலகுவதற்கு நேரம் கொஞ்சம் தாராளம், தடுப்பதற்கு மயிரிழை. ஒவ்வொரு அடியைத் தடுக்கும்போதும் அடுத்த முறைக்கான பாயின்ட் ஒன்று சேரும், வரிசையாக எல்லா அடியையும் தடுத்துவிட்டால் நம் ஆள் திருப்பி ஒன்று போடுவான் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே விளையாடலாம். எதிரிகள் வேண்டுமென்றே தாமதிப்பார்கள். வாளை ஓங்குவான், நிறுத்துவான், நாம் பதறிப்போய் அழுத்திவிடுவோம், அதற்கப்புறம்தான் இறக்குவான். கண்ணை நம்பினால் அடி வாங்குவோம், அதனால் நான் காதை வைத்துத்தான் ஆட ஆரம்பித்தேன், ஒவ்வொரு எதிரியின் தாக்குதலுக்கும் ஒரு தாளம் இருக்கிறது, இரண்டு வேகமாக, ஒன்று இழுத்து, மறுபடி ஒன்று என்று, அது பிடிபட்டுவிட்டால் பாஸ் என்று சொல்லப்படும் பெரிய பெரிய எதிரிகூட ஒரு கீறல் போட முடியாமல் திணறும். விரல் வேகம் வராது என்று பயப்படுகிறவர்களுக்கு 'ஸ்டோரி' நிலை இருக்கிறது, நம் தாக்குதலின்போது வரும் பட்டன் வேலையை தானாக நடக்கும்படி வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. கதைக்காக மட்டும் ஆடினாலும் நஷ்டமில்லை.

பிக்டோஸ் என்று ஒரு சங்கதி இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு சின்ன சக்தி. அதை ஒருவருக்கு மாட்டி நான்கு சண்டை ஜெயித்தால் அந்தச் சக்தியைக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் ஆசையாக ஒவ்வொன்றையும் படித்துப் பார்ப்போம், போகப்போகப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, தேடி எடுப்பதற்குள் அலுத்துவிடுகிறது. அந்தத் திரையை இன்னும் நன்றாக அமைத்திருக்கலாம். இன்னொரு குறை, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் வழி காட்டும் மினிமேப், அதாவது திரை ஓரத்துச் சின்ன வரைபடம், கிடையாது. ஒரு குகையில் ஒரே வளைவைச் சுற்றிச் சுற்றி வந்து எரிச்சலானேன். கடற்கரைகளில் ஜெஸ்ட்ரல்கள் வைக்கும் போட்டிகள் இருக்கிறதே, மரப்பொம்மைக்குத் தூரிகைத் தலை வைத்த மாதிரி இருக்கும் அந்த ஜீவன்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அந்தத் தாவிக் குதிக்கும் போட்டியை யார் யோசித்தார்களோ தெரியவில்லை, இந்த கேமின் கட்டுப்பாடுகள் தாவிக் குதிப்பதற்குச் செய்தவை அல்ல. மூன்றாவது பாகத்தில் உலகம் முழுக்கத் திறந்துவிடுகிறார்கள், அதுவரை 9,999-க்கு மேல் போகாத அடியின் வரம்பும் உடைகிறது, எல்லாப் பக்கக் கிளைகளையும் முடித்துவிட்டுக் கடைசி பாஸிடம் போனால் அவர் நிற்கவே மாட்டார். உணர்ச்சிகரமாக இருக்க வேண்டிய சண்டை அப்படி முடிந்துபோனால் வருத்தமாக இருக்கும். கதையை முடித்துவிட்டு மற்றதைப் பிறகு பாருங்கள்.

இசையைச் சொல்லாமல் விட முடியாது. லோரியன் டெஸ்டார்ட் என்பவர், இதற்கு முன் எந்த கேமுக்கும் இசையமைக்காதவர், இணையத்தில் அவர் போட்டு வைத்திருந்த பாட்டுகளைக் கேட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் இசை. அலிஸ் டியூபோர் பெர்சியே பாடும் லூமியேர் பாட்டு வேலை பார்க்கும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. நடிப்பும் அப்படித்தான், மாயெல் என்ற பதினாறு வயதுப் பெண்ணுக்குக் குரல் கொடுத்த ஜெனிஃபர் இங்கிலீஷ் கடைசி மணி நேரத்தில் செய்வதைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள். முடிவில் இரண்டு வழி கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எதை எடுத்தாலும் மனசு ஆறாது. நான் எதை எடுத்தேன் என்று இங்கே சொல்லப் போவதில்லை, ஆடாதவர்களுக்கு அது தெரியக் கூடாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பலாட்ரோ. கதை கிடையாது, ஆள் கிடையாது, ஐம்பத்திரண்டு சீட்டும் ஒரு ஜோக்கர் கூட்டமும் மட்டும். 2024 பிப்ரவரியில் வந்தது, அதே வருடம் செப்டம்பரில் போனுக்கும் வந்துவிட்டது. கனடாவில் இருக்கும் ஒரே ஒருவர் செய்தது, லோக்கல்தங்க் என்ற புனைபெயரைத் தவிர அவர் யாரென்று காட்டிக்கொள்வதில்லை. போக்கர் தெரியாதே என்று தயங்க வேண்டாம், சீட்டுக்கட்டைக் கையில் பிடித்தவர்கள் யாராக இருந்தாலும் பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஒரே எண் இரண்டு வந்தால் ஜோடி, ஐந்தும் ஒரே இனம் என்றால் ஃப்ளஷ், அவ்வளவுதான்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், அப்போதுதான் இதன் ருசி புரியும். கையில் இரண்டு ராஜா. ஜோடிக்கு அடிப்படை மதிப்பு 10, ராஜாவுக்குத் தலைக்குப் பத்து, ஆக 30. அதைப் பெருக்குகிற எண் 2. மொத்தம் 60. முதல் கட்டத்தைத் தாண்ட 300 வேண்டும், இருப்பதோ சில ஆட்டங்கள்தான், ஜோடியாகப் போட்டுக்கொண்டிருந்தால் தேறாது. இப்போது கடையில் போய் ஒரு சாதாரண ஜோக்கரை வாங்குகிறோம், அது பெருக்கும் எண்ணில் நான்கைக் கூட்டும். அதே இரண்டு ராஜா இப்போது 180. இப்படி 150 விதமான ஜோக்கர்கள், ஒரு நேரத்தில் ஐந்தைத்தான் வைத்துக்கொள்ளலாம். கையில் போடாமல் வைத்திருக்கும் ராஜாக்களுக்குப் பெருக்கம் தரும் ஜோக்கர் ஒன்று, பக்கத்தில் இருக்கும் ஜோக்கரை அப்படியே காப்பி அடிக்கும் ஜோக்கர் ஒன்று. இரண்டும் சேர்ந்து வாய்த்தால் திரையில் எண்கள் தீப்பிடித்து எரியும், உண்மையிலேயே தீ வைத்துக் காட்டுகிறார்கள். எட்டாவது ஆன்டேயின், அதாவது எட்டாவது சுற்றின், பாஸுக்கு ஒரு லட்சம் வேண்டும், ஆரம்பத்தில் அதைப் பார்த்தால் நடக்கிற காரியமாகத் தெரியாது. அப்புறம் ஒரு நாள் ஒரே கையில் அதைத் தாண்டுவீர்கள். ஒவ்வொரு பாஸும் ஒரு தொல்லை கொண்டுவருவார், ஒருவர் ஒரே ஒரு கைதான் ஆடலாம் என்பார், இன்னொருவர் ராஜா ராணி ஜாக்கி எதுவும் செல்லாது என்பார். நான் ராஜாக்களை நம்பிக் கட்டிய ஆட்டமெல்லாம் அந்தச் செடிப் பெயர் வைத்த பாஸிடம்தான் கவிழ்கிறது, ஆனாலும் ராஜாக்களை விட மனசு வரவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போனில் இதை ஆடினால் பக்கத்தில் இருப்பவர் ஆன்லைன் ரம்மி என்று நினைத்து நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ரம்மி ஆப்களில் பணத்தை விட்டுக் குடும்பத்தையே தெருவில் நிறுத்தியவர்கள், உயிரையே விட்டவர்கள் கதையெல்லாம் நம் ஊரில் அத்தனை கேட்டிருக்கிறோம், அதற்காகவே 2022-ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. பலாட்ரோவில் பந்தயம் கிடையாது. ஒரு தடவை விலை கொடுத்து வாங்கினால் முடிந்தது, உள்ளே செலவழிக்கும் காசெல்லாம் விளையாட்டுக் காசு, விளம்பரமும் இல்லை. ஐரோப்பாவில் வயது வரம்பு போடும் அமைப்பே முதலில் இதை 18 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தி, மேல்முறையீட்டுக்கு அப்புறம் 2025-ல் 12 என்று இறக்கியது. நிஜப் பணம் பிடுங்கும் ஆட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் ஒரு முறை உட்கார்த்திவைத்து ஆடிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள், என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

தொடர்களில் அடலசன்ஸ். நெட்ஃபிளிக்ஸில் 2025 மார்ச் 13 அன்று வந்தது, நான்கே எபிசோட். பதின்மூன்று வயதுப் பையன் ஜேமியை விடியற்காலையில் போலீஸ் கதவை உடைத்து வந்து பிடித்துக்கொண்டு போகிறது, கூடப் படித்த பெண்ணைக் கொன்றான் என்று. ஒவ்வொரு எபிசோடும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஒரே ஷாட், வெட்டே கிடையாது. முழு எபிசோடையும் பல முறை ஓட்டி எடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வித்தைகள் மேல் எனக்குப் பொதுவாகச் சந்தேகம் உண்டு, கேமராக்காரரின் திறமையைப் பார்க்கத்தான் வைக்கும், கதைக்கு ஒன்றும் செய்யாது. இங்கே அது வேறு வேலை செய்கிறது. முதல் எபிசோடில் அந்த அப்பா எடி, ஸ்டீஃபன் கிரஹாம் நடித்திருக்கிறார், கதையையும் ஜாக் தார்னோடு சேர்ந்து அவர்தான் எழுதினார், பையனோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார். ரத்தம் எடுக்கிறார்கள், சோதனை போடுகிறார்கள், வக்கீல் வருகிறார், எதையும் வெட்டித் தாண்டிப் போக நமக்கு வழியில்லை. அந்த அறையில் அவர் தலையைத் திருப்பிக்கொள்கிறார், நாமும் திருப்பிக்கொள்கிறோம். போலீஸ் ஸ்டேஷன் காட்சிகளை எத்தனையோ பார்த்திருக்கிறோம், ஒரு ஃபாரம் நிரப்புவதற்கு ஆகும் நேரத்தை நேரமாகவே காட்டியதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாவது எபிசோட்தான் உச்சம். ஒரு அறை, ஒரு மேஜை, இந்தப் பக்கம் மனநல நிபுணர் ப்ரையனி, அந்தப் பக்கம் ஜேமி. அவனுக்காக ஹாட் சாக்லேட் கொண்டுவருகிறாள், தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுக்கிறாள். அவன் சிரிக்கிறான், குழந்தையாகத் தெரிகிறான், திடீரென்று எழுந்து கத்துகிறான், அந்த நொடியில் மேஜைக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ நிற்கிறார்கள். ஜேமியாக வரும் ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு, அதிலும் படப்பிடிப்பில் முதலில் எடுத்ததே இந்த எபிசோட்தான் என்று தெரிந்தபோது என்னால் நம்ப முடியவில்லை. பதினைந்து வயதில் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினான், நடிப்புக்கு அதை வாங்கிய ஆண்களிலேயே இளையவன். அவன் போன பிறகு ப்ரையனியாக நடிக்கும் எரின் டோஹர்ட்டி அந்த அறையில் தனியாக நிற்கும் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதை ஓட்டிவிடாமல் பாருங்கள்.

இரண்டாவது எபிசோட் பள்ளிக்கூடத்தில். அங்கே விசாரணை அதிகாரியின் மகனே அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, இன்ஸ்டாகிராமில் பிள்ளைகள் போடும் சின்னச் சின்னப் படங்களுக்கு என்ன அர்த்தம் என்று விளக்குகிறான், இதயத்தின் நிறத்துக்கு ஒரு அர்த்தம், மாத்திரைக்கு ஒரு அர்த்தம். அதுவரை நட்பாகப் பேசிக்கொண்டதாக அவர் நினைத்தது முழுக்கக் கேலியும் அவமானமும். பிள்ளைகள் போனைத் திறந்து பார்த்தாலும் நமக்கு ஒன்றும் புரியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பதின்ம வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள்.

சரி, ஏமாற்றம் எதுவுமே இல்லையா என்றால் இருக்கிறது, அதே பெயர் கொண்ட கேமிலிருந்து எடுத்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் தொடரின் இரண்டாவது சீசன். முதல் சீசன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம், பில்லும் ஃப்ராங்கும் வரும் அந்த மூன்றாவது எபிசோடைப் பார்த்துவிட்டு அன்றைக்கு யாரோடும் பேச முடியவில்லை. இரண்டாவது சீசன் 2025 ஏப்ரலில் வந்தது, ஏழு எபிசோட். மோசம் என்று சொல்ல மாட்டேன். நடிப்பு, பனி, சியாட்டில் நகரம் எல்லாம் நன்றாக இருக்கிறது. பிரச்சினை வேறு இடத்தில். இந்தச் சீசனுக்கு மூலமான, 2020-ல் வந்த கேமின் பலமே நம் கையில்தான் இருந்தது. ஒரு கொலை செய்யும் ஏபி என்ற பெண்ணை நாம் வெறுக்கிறோம், எதற்காக அப்படிச் செய்தாள் என்று தெரியாமலேயே பாதி கேம் அவளைத் துரத்துகிறோம், திடீரென்று அதே ஏபியை நம் கையில் கொடுத்து இனி இவளாக ஆடு என்கிறார்கள். கோபத்தோடு பட்டனை அழுத்த ஆரம்பித்து, அவள் நாட்கள் நகர நகர அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று நாமே தவிக்கிறோம். தொடரில் முதல் எபிசோடின் ஆரம்பத்திலேயே அவள் யார், என்ன காரணம் என்று காட்டிவிடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு நியாயமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம், ஆனால் அந்த வெறுப்பு ஊறுவதற்கே இடமில்லாமல் போய்விட்டது. கேமின் கடைசியில் வரும், ஜோயலும் அவர் மகளாகவே நினைக்கும் எல்லியும் மனம் விட்டுப் பேசும் வாசல் திண்ணைக் காட்சியையும் ஆறாவது எபிசோடுக்கே இழுத்து வந்துவிட்டார்கள். அந்த எபிசோட் தனியாகப் பார்த்தால் அழகு, பிறந்தநாளுக்கு ஜோயல் எல்லியை மியூசியத்துக்குக் கூட்டிப்போய் விண்கலத்தில் உட்காரவைக்கும் இடத்தில் ஜோயலாக நடிக்கும் பெட்ரோ பாஸ்கல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அத்தனை மணி நேரம் பொறுத்திருந்து கிடைக்க வேண்டியதை முன்னாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டால் கடைசியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்ற கவலை எனக்கு. மூன்றாவது சீசன் ஏபியின் பக்கத்திலிருந்து வருகிறது, பார்க்கலாம்.

கேமைத் தொடராக்கும் இதே வேலையை ஃபால்அவுட் தொடர் எவ்வளவு லேசாகச் சமாளித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். 2024 ஏப்ரலில் பிரைமில் வந்தது. எந்த கேமின் கதையையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, அணுகுண்டுப் போரில் அழிந்த அந்த உலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மணிக்கட்டில் பிப்பாய் என்ற கணினி, பின்னணியில் பழைய காலத்துப் பாட்டு, நிலவறையில் வளர்ந்த வெகுளிப் பெண் லூசி என்று புதிதாகக் கதை கட்டினார்கள். கேம் ஆடினவனுக்கும் அடுத்து என்ன என்று தெரியாது, ஆடாதவனுக்கும் தெரியாது. மூக்கில்லாத முகத்தோடு வால்டன் காகின்ஸ் வரும் காட்சி ஒவ்வொன்றுக்கும் நான் விசில் அடிக்காத குறை.

தியேட்டரில் சின்னர்ஸ் பார்த்தேன். ரையன் கூக்லர் இயக்கம், மைக்கேல் பி. ஜோர்டன் இரட்டை வேடம், 1932-ல் மிசிசிப்பி மாநிலம் கிளார்க்ஸ்டேலில் நடக்கும் கதை. இரட்டையர் இருவரும் ஊருக்குத் திரும்பி வந்து பாட்டும் ஆட்டமுமாக ஒரு கொட்டகை திறக்கிறார்கள், இரவில் வாசலில் ரத்தக்காட்டேரிகள். அழைக்காமல் அவை உள்ளே வர முடியாது என்ற பழைய விதியை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திய படம் வேறு எனக்கு நினைவில்லை, கதவருகில் நின்று இனிமையாகப் பேசிப் பேசி உள்ளே விடச் சொல்லும் காட்சியில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சாமி என்ற பையன் கிடாரோடு பாட ஆரம்பிக்கும்போது அவனுடைய முன்னோர்களும் இனி வரப்போகிறவர்களும் அந்தக் கொட்டகைக்குள் வந்து ஆடுகிறார்கள், ஆப்பிரிக்கப் பறையும் எலக்ட்ரிக் கிடாரும் ஒரே இடத்தில். நம் ஊரில் சாமியாடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் பார்த்த தியேட்டரில் படத்தின் சூடு ஏறும் நேரத்தில் பட்டென்று விளக்கைப் போட்டு இடைவேளை விட்டார்கள். இடைவேளை வைத்து எடுக்காத படத்தை எங்கே வெட்டுவது என்று கொஞ்சம் யோசித்துச் செய்யலாம், பாப்கார்ன் விற்பனைக்காக ஒரு ராத்திரியின் பயத்தையே கலைத்துவிடுகிறார்கள்.

ஃப்ளோ பற்றிச் சுருக்கமாக. லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் எடுத்த அனிமேஷன் படம், 2025-ல் ஆஸ்கர் வாங்கியது, அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். ஒரு வசனம்கூடக் கிடையாது, மனிதர்களும் கிடையாது. வெள்ளத்தில் ஒரு படகு, அதில் ஒரு பூனை, நாய், கேபிபாரா, லெமூர், ஒரு பெரிய பறவை. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் முழுப் படமும் செய்திருக்கிறார்கள். பூனை பூனையாகவே இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. பொருளைத் தட்டிவிடுகிறது, பயந்தால் முதுகை வளைக்கிறது, புரியாத இடத்தில் முறைக்கிறது. எந்த இடத்திலும் அது நம்மிடம் பேசிவிடுமோ என்ற பயம் வரவில்லை. சின்னப் பிள்ளைகளோடு பார்க்கலாம், எந்த மொழிக்காரரும் பார்க்கலாம், எண்பத்தைந்து நிமிடம்தான்.

இப்போது ஆடிக்கொண்டிருப்பது ஹாலோ நைட்: சில்க்சாங். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி, மூன்று பேர் அளவிலான குழு, 2019-ல் அறிவித்து 2025 செப்டம்பர் 4 அன்று வெளியிட்டது. அன்றைக்கு கேம் விற்கும் ஸ்டீம் தளமே கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. விலை இருபது டாலர்தான். கடினம், ரொம்பவே கடினம். உயிரை முகமூடிக் கணக்கில் காட்டுகிறார்கள், ஆரம்பத்தில் ஐந்து, நிறைய எதிரிகள் ஒரு அடியில் இரண்டைப் பிடுங்குகிறார்கள், மூன்று அடியில் கதை முடிந்தது. உட்கார்ந்து இளைப்பாறும் பெஞ்சுக்கே சில இடங்களில் கட்டணம், இந்த உலகத்துக் காசான ஜபமணியில். ஹன்டர்ஸ் மார்ச் என்ற பகுதியில் செத்துச் செத்து ஒரு பெஞ்சைக் கண்டுபிடித்து நிம்மதியாக உட்கார்ந்தால் அதுவே ஒரு பொறி. கோபத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன், அரை மணியில் திரும்ப வந்து உட்கார்ந்தேன். வந்த சில நாளிலேயே ஆரம்பத்து பாஸ்கள் இரண்டு பேரின் கடினத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள், அது நல்ல காரியம். லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம் தோற்றால் காற்றடிக்கும் பாறைகளைத் தாண்டி அவ்வளவு தூரம் திரும்பப் போக வேண்டியிருப்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தோற்பதற்கு நான் தயார், நடப்பதற்கு இல்லை. மற்றபடி நாம் ஆடும் நாயகி ஹார்னெட்டின் நகர்வு இருக்கிறதே, ஓடி, தாவி, சாய்வாகக் கீழே பாய்ந்து எதிரியின் தலையில் ஊசியைக் குத்தி மறுபடி எழும்புவது, அது கைக்குப் பழகியதும் வெறுமனே சுற்றி வருவதே சுகமாக இருக்கிறது. முதல் ஹாலோ நைட்டை ஆடாதவர்கள் தயவுசெய்து அதிலிருந்து ஆரம்பியுங்கள், அதன் விலை இன்னும் குறைவு, நேரே இதில் குதித்தால் பாதிக்கு முன்னாலேயே விட்டுவிடுவீர்கள்.